பெங்களூரில் வாங்கிய பழசு

சாரல் வந்து வாழ்த்துரைக்க, அருவி வந்து ஆர்ப்பரிக்க, குற்றாலத்துக் குளிர்காற்று கூடி நின்று குலவையிட, இந்த மணவிழா வரவேற்பு மேடையில் நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவர், புளியங்குடி எலுமிச்சை வணிகர்களின் ஏந்தல், அண்ணன் கடற்கரை அவர்களே! என் மகளைத் தன் மகளாக்கிக்கொண்ட மாண்பாளர், வீரகேரளம்புதூர் வழங்கிய வீரத்திருமகன், என் சம்பந்தி தளவாய் அவர்களே! அந்த வீரத்திருமகனையே ஒரு சொல்லால் உட்காரவைக்கும் ஆற்றல் பெற்ற அம்மையார் மாடத்தி அவர்களே! ஆன்றோர்களே, அன்னையர்களே! ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நேரே பந்திக்குப் போகலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் ஆவுடைநாயகத்தின் அடக்கமான வணக்கம்.

அடக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் முன்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். வேறு யாருமல்ல, என் மனைவி பிச்சம்மாள். சிரிக்கட்டும். சிரிப்பதற்கான காரணம் அவளுக்குத்தான் முழுதாய்த் தெரியும்.

இந்தத் திருமணம் எப்படி முடிந்தது என்று ஊருக்குள் பலவாறு பேசுகிறார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் தகப்பனாருக்குப் பூச்சிமருந்து கொடுத்தார்களாமே என்று நேற்று ஒருவர் என்னிடமே கேட்டார். ஆகவே உண்மையை நானே உரைத்துவிடுகிறேன். அந்த உண்மையில் ஒரே ஒரு முட்டாள்தான் உண்டு. அவன்தான் உங்கள்முன் மாலையோடு பேசிக்கொண்டு நிற்கிறான்.

என் மகள் மஞ்சுவும் மாப்பிள்ளை ரவியும் பெங்களூரில் ஒரே அலுவலகம். மனம் ஒத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கூடவே ஒரு நிபந்தனை: பேசி முடியும்வரை கை நனைக்கமாட்டோம். இந்தச் சீமையில் அது தெரியாதவர் உண்டா? சம்பந்தம் உறுதியாகாமல் அந்த வீட்டுச் சோற்றில் கை வைப்பதில்லை. கை நனைத்துவிட்டால் பிறகு சொல் மாறுவதில்லை. மஞ்சு என்னிடம் வந்து, "அப்பா, அவங்க அப்பா சரின்னு சொல்லலன்னா ரவி மீறி வர மாட்டாரு. நீங்கதான் பக்குவமா நடந்துக்கணும்" என்றாள். பக்குவம்! யாரிடம் போய்க் கேட்டாள் பாருங்கள்!

தளவாய் எப்படிப்பட்டவர் என்று விசாரித்து வரும்படி என் மைத்துனன் பேச்சிராஜை அனுப்பினேன். அவன் போய் டீக்கடையில் கேட்டுவிட்டு வந்து சொன்னான்: "அத்தான், பட்டாளத்துல இருந்து வந்த மனுசன். விடிஞ்சதும் பழசு குடிக்காம வாசல விட்டு எறங்க மாட்டாராம். பழசு இல்லன்னா அன்னைக்கு வீடு ரெண்டுபடுமாம்."

பழசு! தாய்மார்களே, தென்காசிச் சீமையில் பழசு என்றால் என்ன? ஆமாம், அந்த மூலையில் ஒரு தாய் உரக்கச் சொன்னார்களே, அதேதான்! முந்தின நாள் சோறு, அதில் ஊற்றிய தண்ணீர், கடித்துக்கொள்ள வெங்காயம். நான் அன்றாடம் குடிப்பது, என் மகள் அன்றாடம் குடிப்பது. ஆனால் பட்டாளம் என்ற சொல் என் காதில் முதலில் விழுந்துவிட்டதே! பட்டாளத்துக்காரர் விடிந்ததும் குடிக்கிறார், அதுவும் பழசாய்க் குடிக்கிறார் என்றால் என் மூளை எந்தக் கடைக்குப் போகும்? போயிற்று ஐயா, பெங்களூருக்கே போயிற்று!

பழசிலே உயர்ந்த பழசு சிவப்பு வைன் என்று யாரோ சொல்லக் கேட்டு, நானும் பெங்களூருக்கு வண்டியேறி, பளிங்குத் தரை போட்ட ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தேன். வேட்டி கட்டி உள்ளே வந்தவன் நான் ஒருவன்தான். அங்கிருந்த பெண் ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டி, பதினான்கு வருடம் ஆனது என்றாள். எங்கள் மண்டியில் மூன்று நாள் பழசானாலே எலுமிச்சை விலை தரைக்கு வந்துவிடும். நான் விடுவேனா? வருடக்கணக்காய் விற்காமல் தேங்கிக் கிடக்கும் சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறாயா அம்மா, பாதி விலைக்குக் கொடு என்றேன். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் வண்டல்! கெட்டுப்போய்விட்டது என்று கடை அதிரக் கூவினேன். பழைய வைனில் வண்டல் இருந்தால்தான் அழகு என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். அழுக்குக்கும் அழகு என்று பெயர் வைத்து விற்கிறார்களே என்று வியந்துபோனேன்.

அதோடு நின்றேனா? இது என்ன வகை என்று கேட்டேன். இரண்டு மூன்று திராட்சைச் சாறுகளைப் பாகமாய்ச் சேர்த்தது, சிலி நாட்டில் செய்தது, ஆனால் முறை போர்டோ முறை, போர்டோ பிளெண்ட் என்றாள். பிளெண்ட் என்றால் கலவை. அப்படியானால், போர்டோ கலவை!

அதோ, எலுமிச்சை விவசாயிகள் எல்லாரும் எழுந்தே நின்று சிரிக்கிறீர்கள். உட்காருங்கள் ஐயா, உட்காருங்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து எலுமிச்சை மரத்துக்கு அடிக்கும் நீல நிற மருந்துக்குப் பெயர் போர்டோ கலவை. அதைத்தான் நாங்கள் பிறந்ததிலிருந்து அறிவோம். மருந்துக்கும் மதுவுக்கும் பிரான்சில் போர்டோ என்ற ஒரே ஊர்தான் பிறந்த வீடு என்பதைப் பிற்பாடு மஞ்சு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அந்தப் பெயர் எவ்வளவு பிடித்துப்போயிற்று தெரியுமா? சம்பந்தியும் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கிறார், பெயரைக் கேட்டதும் மகிழ்வார் என்று எண்ணினேன். எண்ணம் எத்தனை எழில்! ஏமாற்றம் எத்தனை எளிது!

ஆட்டக்கூடாது, படுக்கவைத்தே கொண்டுபோங்கள் என்றாள் அந்தப் பெண். பெங்களூரிலிருந்து புளியங்குடிவரை பச்சைப்பிள்ளையைப் போல மடியில் கிடத்திக் கொண்டுவந்தேன். மஞ்சுவிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் கெட்டிக்காரன் ஆகியிருப்பேனே! அதோடு வீட்டில் ஓர் உத்தரவும் போட்டேன். பழையசோற்றுப் பானை வந்தவர்கள் கண்ணில் படக்கூடாது, கொல்லைக்குக் கொண்டுபோங்கள். காலையில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டால் ஓட்ஸ் என்று சொல் என்று மகளுக்குப் பாடம் நடத்தினேன்.

வந்தார்கள். அமர்ந்தார்கள். கண்ணாடிக் குவளை இரண்டை எடுத்துவைத்தேன். குவளையைப் பிடித்துக் குடித்தால் கை நனையாது, ஆகவே சம்பிரதாயமும் கெடாது என்று ஒரு சட்ட நுணுக்கம் வேறு கண்டுபிடித்து வைத்திருந்தேன். பாட்டிலைக் காலிடுக்கில் வைத்துத் தக்கையில் திருகாணியை இறக்கிக்கொண்டே, "உங்களுக்குப் பிடிச்ச பழசுதான் அண்ணாச்சி. போர்டோ கலவை" என்றேன்.

தளவாய் என்னையே பார்த்தார். "எலுமிச்சைக்கு அடிக்க மருந்தையா எனக்குக் குடிக்கத் தாரீய?" என்று கேட்டார். மருந்தில்லை, உயர்ந்த மது என்று விளக்கினேன். விளக்கியதுதான் வினை. அவர் முகம் இறுகிவிட்டது. "எங்க அப்பன் குடிச்சே செத்தாரு அண்ணாச்சி. பட்டாளத்துல அத்தன வருசம் இருந்தும் நான் அதத் தொட்டதில்ல. என்னப் பத்தி இதத்தான் வெசாரிச்சியளா?" என்று சொல்லி எழுந்தார். மாடத்தியைப் பார்த்துக் கிளம்புவோம் என்றார்.

அன்பர்களே! மண்டி ஏலத்தில் எட்டுத் திசைக்கும் கேட்கக் கூவுகிறவன் நான். அன்று நான் செய்ததெல்லாம் தக்கையை இன்னும் வேகமாய்த் திருகியதுதான். அடுக்களை வாசலில் மஞ்சு நின்றாள். அழவில்லை, என்னைத் திட்டவில்லை, சும்மா என்னைப் பார்த்தாள். மகளின் வாழ்வை என் பவிசுக்குப் பலி கொடுத்தேனே என்று பதறி, அவரைத் தடுக்க எழுந்தேன். கையில் பாட்டில் இருந்ததை மறந்தேன். திருகாணி கையோடு வந்தது. பதினான்கு வருடத் தக்கை பொடிப்பொடியாய் உதிர்ந்தது. பாட்டில் சாய்ந்தது. சிவப்பாய்ப் பாய்ந்தது. எங்கே பாய்ந்தது? தளவாயின் வலது கையில்!

வீடே பதறி எழுந்தது. மாடத்தி அம்மையார் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "கை நனைஞ்சிட்டுல்லா. நனைஞ்ச கையோட எந்திரிச்சுப் போவக்கூடாது. உக்காருங்க" என்றார்கள்.

தளவாய் தம் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உட்கார்ந்தார். இது கணக்கில் சேராது என்றார். என் உயிர் போய்விட்டது. பிறகு கேட்டார்: "நெசமான பழசு இருக்கா?"

இருந்தது! எங்கே இருந்தது? என் உத்தரவின்படி கொல்லையில், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தது! பிச்சம்மாள் ஓடினாள். பானை வந்தது, வெங்காயம் வந்தது, மோர்மிளகாய் வந்தது. வீரகேரளம்புதூர் தளவாய் கையைக் கழுவிவிட்டு வந்து, அந்தச் சோற்றுக்குள் ஐந்து விரலையும் விட்டார். விருந்து வைத்துக் கை நனைத்த சம்பந்தம் உண்டு, பாயசம் வைத்துக் கை நனைத்த சம்பந்தம் உண்டு. பழையசோற்றில் கை நனைத்த சம்பந்தம் இந்தச் சீமையில் வேறெங்கேனும் உண்டா? சொல்லுங்கள்!

ஆனால் என் நெஞ்சு நிறைந்தது அதற்கும் பிறகுதான். வந்ததிலிருந்து அவர் என் மகளை "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்று மரியாதையாய்த்தான் அழைத்துக்கொண்டிருந்தார். நான்கு கவளம் உள்ளே போனதும் காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று அவளைக் கேட்டார். ஓட்ஸ் என்று சொல்லவேண்டியவள் என் பக்கம் திரும்பியும் பார்க்காமல், "பழசுதான் மாமா" என்றாள். அவர் தலைநிமிர்ந்து பார்த்தார். தட்டை அவள் பக்கம் நீட்டினார். "ஏட்டி மஞ்சு, இன்னுங் கொஞ்சம் நீத்தண்ணி ஊத்து. நீயும் ஒரு தட்டு எடுத்துட்டு வந்து உக்காரு" என்றார்.

ஏட்டி! பெற்றவன் அழைக்கும் சொல் அது. பாசம் இல்லாத வாயில் அது வராது. பளிங்குக் கடையில் பாதி விலைக்குக் கேட்டேனே, மடியில் சுமந்து வந்தேனே, அத்தனையும் எதற்கு? என் மகளை இன்னொரு வீட்டில் ஒருவர் இப்படி உரிமையோடு கூப்பிடவேண்டும் என்பதற்குத்தானே! அதை நான் வாங்கித் தரவில்லை. என் பொய்யை மீறி அவளே வாங்கிக்கொண்டாள்.

இலை போட்டாயிற்று என்று அங்கிருந்து கை காட்டுகிறார்கள். இதுவரை செவி கொடுத்தவர்களுக்கும், பசியை அடக்கிச் செவி கொடுத்தவர்களுக்கும் என் நன்றி. எல்லாரும் போய் நன்றாகக் கை நனையுங்கள். வணக்கம்.