கழுவி உட்ட ஊடு

அந்தச் சோதனப் பொட்டி அங்கயே இருக்கட்டுங்க அம்மிணி. அம்மி மேலதான வெச்சிருக்கீங்க, அது என்னத்தக் கேக்கப் போவுது. மேல ஒருக்காப் பஞ்சால தொடச்சுப் பாத்துட்டீங்கல்ல, அப்பறமென்ன. எங்கெங்க கழுவுனன்னு கையக் காட்டத்தான இன்ஸ்பெக்டரு என்னைய இங்க உக்கார வெச்சுட்டு வெளிய போன் பேசிட்டு நிக்கறாரு. நான் பாட்டுக்குச் சமையக்கட்டு வாசப்படில உக்காந்து பேசிட்டிருக்கறன், நீங்க பாட்டுக்குத் தேச்சுட்டிருங்க.

பேருங்களா? உண்ணாமலைங்க. வயசு அம்பத்தெட்டு. செத்துப் போன நர்மதாவுக்கு மாமியா, ஸ்டேசன்ல உக்காந்திருக்கற கோகுல்ராஜுக்கு ஆத்தா. ரெண்டையும் சேத்தே எழுதிக்கங்க, ஒண்ண உட்டுட்டு ஒண்ண எழுதாதீங்க.

மோரு ஒரு லோட்டா கொண்டாரட்டுங்களா? வேண்டாமா? ஓ, சோதன போடற ஊட்டுக்குள்ள தண்ணி கூடக் குடிக்கப்படாதா. நல்ல சட்டம் போங்க. என்ற மருமக ஊட்டுக்கு வந்து ஒரு வாய் மோரு குடிக்காமப் போறவங்க நீங்கதான் மொதல் ஆளு. அவ இருந்திருந்தா உட்டிருக்க மாட்டா, கையப் புடிச்சு உக்கார வெச்சிருப்பா.

சிரிக்க மாட்டீங்கன்னா சொல்றன். தலைக்கு ஒறை, கைக்கு ஒறை, காலுக்கு ஒறை. எங்க பக்கம் கோழிப் பண்ணைக்கு ஊசி போட வர்ற டாக்டரு இப்பிடித்தான் வருவாரு. காலைல நீங்க வேன்ல இருந்து எறங்கறதப் பாத்துட்டு, ஏனுங்க, கோழிக்குச் சீக்கு வந்திருச்சாங்களான்னு ஒருத்தி என்ற காதுல வந்து கேக்கறா. இல்ல ஆயா, எங்க ஊட்டுக்குத்தான் வந்திருச்சுன்னு சொன்னன்.

முந்தாநேத்து உங்க ஆளு ஒண்ணு வந்து போச்சுங்களே. அதானுங்க, நாயி. உங்க டிப்பார்ட்மெண்டு இல்லியா அது? போலீசுக்காரங்களுதா? எதுவோ ஒண்ணு. ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிய மோந்துச்சு, என்ற காலை மோந்துச்சு. அப்பறம் ஒரே ஓட்டமா ஓடிப்போயி பக்கத்தூட்டுச் சின்னண்ணன் கோழிக்கூண்டு முன்னால உக்காந்துக்கிச்சு. அந்த மனுசன் வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டு, சாமி, நான் ஒண்ணும் பண்ணலீங்கோ, நான் ஒண்ணும் பண்ணலீங்கோன்னு ஊரே கேக்கறாப்பல கத்தறான். இன்னும் கறிக்கொழம்பு வெச்சா மூடி வெச்சுத்தான் திங்கறானாம்.

அதென்னங்க, எடுத்ததையெல்லாம் காயிதக் கவர்லயே போடறீங்க? நல்ல நல்ல பிளாஸ்டிக் கவரெல்லாம் கெடைக்குதே. ஓஹோ, ஈரம் அடைஞ்சு பூசணம் புடிச்சிருமா. அப்ப காயிதம்னாத் தேவலை. துணியுங்களா? சுத்தமான பருத்தித் துணில சுத்தி வெச்சாலும் கெடாதா? இல்லீங்க, சும்மாதான் கேட்டன். போவட்டும் உடுங்க. உக்காந்த எடத்துல ரெண்டு விசயம் தெரிஞ்சுக்கலாம்னுதான்.

நீங்க கதவெல்லாம் சாத்தி, சன்னலுக்குக் கருப்புத் துணி கட்டி, மருந்தடிச்சீங்கல்ல, அப்ப நான் சந்து வழியாப் பாத்தனுங்க. வையாதீங்க. பாத்ரூம்புல ஒண்ணுமே தெரியல. இந்தச் சமையக்கட்டுல செவத்தோரமா நீலமா மின்னுச்சு. அய்யோ சாமின்னு நெஞ்சப் புடிச்சுக்கிட்டன். அதுக்குள்ள நீங்க உங்க கூட வந்த பையன்கிட்டச் சொல்றீங்க, பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தாலும் இப்பிடித்தான் மின்னும், இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு. அட, ரத்தமும் மின்னுமாம், பிளீச்சிங் பவுடரும் மின்னுமாம். அப்பறம் அது என்ன மருந்துங்க? எங்கூர்ப் பஞ்சாயத்து மாதிரியில்ல இருக்குது, ரெண்டு பக்கமும் ஆமாங்குது.

ஆமாங்க, போட்டது நாந்தான். மறைக்கறதுக்கு என்ன இருக்குது. செவ்வாக்கெழம பொழுதோட, ஜலகண்டாபுரத்துல என்ற தங்கச்சி ஊட்டுல இருந்தன். போன் வந்துச்சு. அம்மா, நர்மதா பாத்ரூம்புல வழுக்கி உழுந்துட்டா, பேச்சு மூச்சு இல்லைன்னான் கோகுலு. நான் பஸ்ஸு மாறி மாறி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. இன்னைக்கே எடுத்தரலாம்னு நின்னாங்க. அவ அண்ணன் சபரிநாதன் மட்டும் உடல. பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவோணும்னு வண்டிக்குக் குறுக்க படுத்துக்கிட்டான். சரின்னு ஏத்துனாங்க. பொணம் படி தாண்டுனா, ஊட்டுக்குப் பெரிய பொம்பள ஒருத்தி பின்னால நின்னு ஊட்டக் கழுவி உட்டு வெளக்கேத்தோணும். எங்க பக்கம் வழக்கமுங்க. மருமகளுக்கு மாமியா, வேற ஆரு கழுவுவா? நாலு பொம்பளைங்க தண்ணி மொண்டு குடுக்க, நான் கூட்டித் தள்ளுனன்.

அதுக்குத்தான் இப்ப ஊரே என்னைய வையுது. பெத்த மவனக் காப்பாத்தறதுக்குக் கெழவி கழுவி உட்டுட்டாளாம். சபரிநாதன் என்ற மொகத்துலயே காறித் துப்பாத கொறைதான். தமிழினிய அவந்தான் கூட்டிட்டுப் போயிட்டான். பேத்திங்க. அஞ்சு வயசு. அவனையும் தப்புச் சொல்ல முடியாதுங்க. ஆனா சாட்சியத்த அழிக்கறதுன்னா என்னன்னே இன்ஸ்பெக்டரு சொன்ன பொறகுதான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பொணம் போனா கழுவோணும், அவ்வளவுதான்.

உருண்டையா ஏதோ பட்டாப்பல காயம், தரைல உழுந்த காயமில்லைன்னு பெரியாஸ்பத்திரி டாக்டரு எழுதிட்டாராமே. அதுக்கு நம்ம ஏட்டய்யா பண்ணுனத நீங்க பாத்திருக்கோணும். கோகுலு போர் போடற ரிக் வண்டில வேல பாக்கறவனுங்களா, ஊடு பூரா ஸ்பேனரு, பைப்பு, கடப்பாரைன்னு கெடக்கும். அத்தனையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. கெணத்து மோட்டாரைக் கழட்டற ஸ்பேனரக் கூட உடல. ரெண்டு நாளாச் செடிக்குத் தண்ணியில்ல. ஆம்பளைங்க புத்தி அப்பிடி. ஒருத்தி மண்டை ஒடைஞ்சிருக்குதுன்னா இரும்பத்தான் தேடுவாங்க.

இப்ப எதுக்குங்க அந்தத் தரைச் சந்த ஊசியால நோண்டறீங்க? மேல கழுவுனாலும் சந்துக்குள்ள, சின்னச் சின்னக் குழிக்குள்ள போனது போவாதா? துளியூண்டு இருந்தாலும் ஆரு ரத்தம்னு கண்டுபுடிச்சிருவீங்களா? அப்பிடீங்களா. கல்லுலயுங்களா? அது சரி. கொத்தி வாங்குன அம்மில மஞ்சள் அரைச்சாக் கூட எத்தன கழுவுனாலும் அஞ்சாறு நாளைக்குக் குழிக்குள்ள மஞ்சள் நிக்குமுங்க. போன வாரந்தான் அம்மி கொத்தறவன் வந்தான், நர்மதா நிக்க வெச்சுக் கொத்தி வாங்குனா.

நீங்க சோத்தாங்கைல எழுதறீங்க. அவளுக்கு எல்லாமே பீச்சாங்கைங்க. பொண்ணு பாக்கப் போனப்ப மறைச்சுட்டாங்க, கட்டிட்டு வந்த அடுத்த நாளே அந்தக் கைல எனக்குச் சோறு போடறா. நான் தட்டத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சுட்டன். அப்ப எனக்கு அவ்வளவு வீம்பு. இப்ப நெனைச்சா என்ற கன்னத்துல நானே அடிச்சுக்கலாம்னு இருக்குது. ஒரு பொழுதாச்சும் எதுத்துப் பேசுனவளா அவ? சிரிப்பா. சிரிச்சுட்டு அதே கையிலதான் மறுக்காப் போடுவா. மிக்ஸி இருக்குது, ஆனா எனக்குக் கொழம்புக்கு அம்மில அரைச்சாத்தான் எறங்கும், அவளும் சலிக்காம அரைப்பா. அரைச்சு முடிச்சுக் கொழவியக் கழுவி, நான்னா அம்மிக்குச் சோத்தாங்கைப் பக்கம் சாத்தி வெப்பன், அவ பீச்சாங்கைப் பக்கம் சாத்தி வெப்பா. காலைல நான் மாத்தி வெப்பன், பொழுதோட அவ மாத்தி வெப்பா. வாயத் தொறந்து சண்டையே போட்டதில்லீங்க, கொழவிதான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிட்டு வந்துட்டிருந்துச்சு. அப்பறம் எனக்கே சிரிப்பு வந்து உட்டுட்டன். அரைக்கறவ அவ, அவ இஷ்டம்னு. ரெண்டு வருசமா அது அவ பக்கந்தான்.

ஏனுங்க, தேய்க்கறத நிறுத்திட்டீங்க? தேயிங்க, நான் சும்மா பழமை பேசிட்டிருக்கறன்.

கோகுலு நல்லவந்தானுங்க. எல்லாப் பெத்தவளும் இதத்தான் சொல்லுவாங்கறீங்களா, அதுவுஞ்செரி. நாலு மாசம், அஞ்சு மாசம் ரிக்குல எங்கியோ வடக்க கெடப்பான். வந்தா அவ போனப் புடுங்கி நோண்டிட்டே உக்காந்திருப்பான். ஆருகூடப் பேசுன, எதுக்குச் சிரிச்சன்னு. ஏன்டா, அவ சிரிக்கறதே என்னையப் பாத்துத்தான்டான்னு நானும் சொல்லிப் பாத்துட்டன். இந்தத் தடவ அவன் வந்திருக்கறப்ப நான் ஊருக்குப் போயிருக்கப்படாது. அவளும், இன்னைக்கே போவோணுங்களா அத்தைன்னு ஒருக்காக் கேட்டா. நான் என்னமோ வெளையாட்டுக்குக் கேக்கறான்னு நெனைச்சுட்டன்.

பிளீச்சிங் பவுடரு ஆரு கொண்டாந்ததுன்னு இத்தன பேரு வந்து இத்தன கேள்வி கேட்டும் ஒருத்தரும் கேக்கல பாருங்க. பொணம் போன ஊட்டக் கழுவி உடறதுக்குத் தண்ணியும் சாணியும் போதுமுங்க. அவந்தான் கொண்டாந்து குடுத்தான். அம்மா, சமையக்கட்டுக்கு இதப் போட்டு நல்லாக் கழுவி உட்ருன்னான். நான் அவன் மொகத்தப் பாத்தன். உழுந்தது பாத்ரூம்புலயில்ல?

அப்பறந்தான் இங்க வந்து குனிஞ்சு பாத்தன். அடுப்பு மூட்டல, தேங்கா ஒடைக்கல, எல்லாச் சட்டியும் காஞ்சு கெடக்குது. கொழவி மட்டும் ஈரமா இருந்துச்சு. சோத்தாங்கைப் பக்கம் இருந்துச்சுங்க. நான் ஊர்ல இல்ல, அவ அந்தப் பக்கம் வெக்க மாட்டா. அவனுக்கு என்ன தெரியும் பாவம், அவன் பொறந்ததுல இருந்து அம்மியத் தொட்டதில்ல.

நாலு பொம்பளைங்களும் தண்ணி மொள்ளப் போயிருந்தாங்க. அந்நேரத்துக்கு எனக்கு என்ன தோணுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க. ஊடு பூராக் கழுவுனன், அத மட்டும் கழுவல. முந்தானையால புடிச்சுத்தான் எடுத்தன், கைபடல. அஞ்சு நாளாத் தூங்கல. கெணத்துல போட்டுருலாம்னு ரெண்டு தடவ கெளம்புனன், பொய் எதுக்குச் சொல்றன். பத்து மாசம் சொமந்த வகுறுங்க இது. நேத்து தமிழினி போன்ல கேக்கறா, ஆயா, எங்கம்மா எதுல வழுக்குச்சுன்னு. சோப்புத் தண்ணிலயான்னு. 

ஏனுங்க பொட்டிய எடுக்கறீங்க? ஆமா, பாருங்க, நல்லாப் பாருங்க. ரெண்டு நாளா அத்தன பேரு இந்தச் சமையக்கட்டுல நடந்தாங்க, நாயி வந்துச்சு, நீங்க மேலயே பொட்டிய வெச்சீங்க. அம்மி இங்க இருக்குது, கொழவி எங்கன்னு ஒருத்தரும் கேக்கலியே. உங்க ஊடுகள்ல மிக்ஸிதான், உங்களச் சொல்லிக் குத்தமில்ல.

அந்த மூலைல அரிசி டிரம்மு இருக்குதுங்களே, அதுக்குள்ள, அடில, அவ பழைய பருத்திச் சேலைல சுத்தி வெச்சிருக்கறன். பிளாஸ்டிக் இல்லீங்க. அரிசிய நானே அள்ளிப் போடறன், இன்ஸ்பெக்டரக் கூப்புடுங்க. இருங்க இருங்க, ஒடனே கைய வெக்காதீங்க. மொதல்ல போட்டோ எடுக்கோணுமில்ல, அந்தச் சின்ன ஸ்கேலப் பக்கத்துல வெச்சு?