மேசைக்குக் கீழே இருந்த பெட்டி

தாப்பாவிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவன் மடியில் ஒரு புது கம்ப்யூட்டர் பெட்டி.

"ஸ்டிக்கர்ல புராசசருக்கு எட்டு கோர்னு போட்டிருக்கு. வீட்டுல லினக்ஸ் போட்டுப் பாத்தா நாலுங்குது," என்றான் அவன்.

"லினக்ஸ் தப்பா காட்டும்னு ஈப்போ கடைக்காரன் சொன்னானே," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"சொல்லுவான் லா. மூணு தடவ ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிட்டேன் மச்சான். கடையில வந்த மார்க்குல பாதிதான் வருது. ஞாயித்துக்கிழம கல்யாண வீடியோ கொடுக்கணும். இந்த வேகத்துல போனா பொண்ணுக்குப் பிள்ளையே பொறந்துரும்."

"கடையில உன் கண்ணு முன்னாலதான டெஸ்ட் பண்ணான்?"

"ஆமா. அங்க நல்லா ஓடுச்சு."

"இந்தப் பெட்டியிலயா ஓடுச்சு?"

அவன் மடியில் இருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு அந்தக் கடைக்காரன் மேல் எரிச்சலாக வந்தது. கோப்பெங் தாண்டும்போது ஜன்னலோரம் இருந்தவன் சொன்னான்.

"ஸ்கிரீன் மேச மேல இருந்துச்சு. பெட்டி மேசைக்குக் கீழ."

"கீழ எத்தன பெட்டி?"

"குனிஞ்சு பாக்கல மச்சான். கடைக்காரன் தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தான். குடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"இன்னிக்குக் கடைக்குப் போனதும் நீ குனிஞ்சு பாரு," என்றான் மற்றவன். "தே கொடுத்தா நான் குடிக்கிறேன்."