என் இடது தோள் போட்ட கோல்கள்

என் இடது தோள் இந்தப் போட்டித் தொடரில் பதினான்கு கோல் போட்டிருக்கிறது. முதுகு ஐந்து. காது ஒன்று. நான் ஒன்றுகூடப் போடவில்லை.

ஆனாலும் வெளியே மேசைமேல் இருக்கும் சின்னக் கோப்பையில் என் பேரைத்தான் பொறித்து வைத்திருக்கிறார்கள், அதிக கோல் அடித்தவர் என்று. பெண்கள் உடை மாற்றும் அறையின் நீள பெஞ்சில், ஆட்டத்துக்கான பந்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கோப்பையை எந்தத் தோளில் மாட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் அணியின் மருந்துக்கடைக்காரி. எதிர்ப் பெஞ்சில் எதிர் அணியின் பல் டாக்டரும், அந்த அணியின் இன்னொரு பெண்ணும். இறுதி ஆட்டம் தொடங்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நாங்கள் நான்கு பேரும் வெளியே போகவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. அத்தான்.

ஹலோ... ஆமா அத்தான், உள்ளதான் இருக்கோம்... இல்ல இல்ல, யாருக்கும் ஒண்ணும் இல்ல, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்... ஆமா, ஷூ போட்டாச்சு. முடியும் கட்டியாச்சு... கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நீங்க பேசறது போன்லயும் கேக்குது, கதவு வழியாவும் கேக்குது. ஒரு திட்டை ரெண்டு தடவை வாங்க வேண்டியிருக்கு.

அவர் கதவுக்கு அந்தப் பக்கம் ஓரடி தூரத்தில்தான் நின்றிருந்தார். அக்காவின் கணவர், தொழிலால் ஆடிட்டர், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் எங்கள் ஹேண்ட்பால் அணியின் தலைவர். ஆணும் பெண்ணும் கலந்த இரண்டே அணிகள், உள்ளரங்கத்தில், பொழுதுபோக்காக ஆடும் இந்தப் போட்டிக்கு விதிகளை எழுதியவரும் அவரேதான். பெண்கள் அறைக்குள் ஆண்கள் தலையை நீட்டக் கூடாது என்பதையும் அவர்தான் எழுதினார். அதனால்தான் இந்தப் போன்.

வரல அத்தான்... வரலன்னா வரல, அதுக்கு என்ன விளக்கம்... நாலு பேரும்தான்... ஆமா, அவங்க எதிர் அணிதான், எனக்குத் தெரியாதா. ஆட்டத்துக்கு ஆட்டம் அவங்க மூஞ்சியைத்தானே பாத்துட்டு நிக்கறேன்... ஆமா... ஆமா, தெரியும். ஒவ்வொரு அணியிலயும் ரெண்டு பெண்களாவது களத்துல இருக்கணும், இல்லன்னா ஆட்டமே கெடையாது. மூணாம் விதி. தெரிஞ்சுதான் உக்காந்திருக்கோம்... யாரும் தூண்டி விடல. டாக்டர் பல்லுதான் புடுங்குவாங்க, ஆளைத் தூண்டி விடமாட்டாங்க... கேளுங்க, ஒரே ஒரு வரி. பதினோராம் விதியோட கடைசி வரி. அதை எடுத்துடுங்க. எடுத்த நிமிஷம் வரோம்.

மறுபக்கம் பேனா மூடியைத் திறந்து மூடும் சத்தம். ஆடிட்டர்கள் பேனா மூடியைத் திறந்து மூடினால் மனசுக்குள் கூட்டிக் கழிக்கிறார்கள் என்று அர்த்தம்.

நல்ல எண்ணத்தில் எழுதிய வரிதான் அது. பெண் போடும் கோலுக்கு இரண்டு புள்ளி. ஆண் யாரும் பெண்ணை உடம்பால் மறிக்கக் கூடாது. எங்களை ஊக்குவிக்க என்று இவ்வளவும் எழுதிவிட்டு, கோல் யாருடையது என்று சண்டை வரக் கூடாதே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: பந்து கோலுக்குள் போவதற்கு முன் கடைசியாக யார் மேல் பட்டதோ, கோல் அவருடையது. இரண்டாவது ஆட்டத்தில் நான் கோட்டுக்குப் பக்கத்தில் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்திருந்தேன். அத்தான் எறிந்த பந்து குறி தவறி என் தோளில் மோதி, கோல் கீப்பர் எதிர்பார்க்காத மூலையில் போய் விழுந்தது. நடுவர் இரண்டு விரலைக் காட்டினார். நான் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அத்தான் முகத்தில் ஒரு வெளிச்சம். வரிச் சட்டத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஓட்டை ஒன்று கிடைத்தவர் முகம். வலிக்கிறதா என்று கேட்க ஓடி வருகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, இதே இடத்தில் இதே மாதிரி இன்னொரு தடவை குனிய முடியுமா என்று கேட்டார்.

அடுத்த வாரம் அந்த இடத்தில் மஞ்சள் டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருந்தது.

இருக்கேன், இருக்கேன், சொல்லுங்க... தொடர் நடக்கும்போது விதியை மாத்த முடியாதா. அடுத்த வருஷம்தானா. ஏன்... பொதுக்குழு கூடணுமா... பொதுக்குழுன்னா நீங்களும் அவங்க தலைவரும்தானே. ரெண்டு பேரும் அங்கதானே நிக்கறீங்க, கூடுங்க... பேசிக்கறதில்லையா. சரி... ஆமா... ஆமா அத்தான், புரியுது. அந்த வரியை எடுத்தா என் இருபது கோலும் போயிடும். நாப்பது புள்ளி. நம்ம அணி கடைசி இடத்துக்குப் போயிடும்... போகட்டுமே... அவமானமா. யாருக்கு.

பல் டாக்டர் தன் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் தந்திரம் தெரிந்ததும் எதிர் அணி முதலில் திகைத்துப் போனது. ஆண்கள் என்னை மறிக்க முடியாதே. அதனால் அவளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்கள். சுவருக்கு முன்னால் ஒரு சுவர். ஆட்டம் முழுக்க ஓர் அடி இடைவெளியில், மூக்கும் மூக்கும் முட்டுகிற மாதிரி நின்றோம். மற்றவர்கள் எங்களைச் சுற்றி ஓடினார்கள். முதல் பத்து நிமிஷம் சும்மா நின்றோம். பிறகு பேச ஆரம்பித்தோம். ஒரு தடவை பந்து எங்கள் இருவர் மேலும் மோதி உள்ளே போனபோது, கடைசியாக யார் மேல் பட்டது என்று நடுவர் கேட்டார். இரண்டு பேரும் கவனிக்கவில்லை என்று சொன்னோம். பொய் இல்லை. அவள் வீட்டுக் குளியலறைக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மேல்வீட்டுக்காரன் நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்கிற இடம் வந்திருந்தது.

என்னது... துணைத் தலைவியா. யாருக்கு, எனக்கா... எதுக்குத் துணை... வேண்டாம்... வேண்டாம் அத்தான், கோப்பையும் வேண்டாம், வேணும்னா அந்த டேப் பக்கத்துல வச்சிடுங்க... பஞ்சு வச்ச மேல்சட்டையா. வாங்கியே வந்துட்டீங்களா... அந்தப் பஞ்சு எனக்கு வலிக்காம இருக்கறதுக்கா, பந்து நல்லாத் திரும்பறதுக்கா... ரெண்டுக்கும்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சீங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டீங்க.

ம்... ம்... நான் என்னதான் கேக்கறேனா.

நான் எறியணும்.

கையால அத்தான், வேற எதால... வராதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்... எனக்கும் தெரியாது. அதைத்தான் தெரிஞ்சுக்கணும்.

போன ஆட்டத்தில் ஒரு பந்து கொஞ்சம் மெதுவாக வந்தது. என்னையும் அறியாமல் கைகள் மேலே போய் அதைப் பிடித்துவிட்டன. அதற்குமுன் இருபது தடவை அந்தப் பந்து என்மேல் வந்து மோதியிருக்கிறது. அது இத்தனை சின்னது என்று எனக்குத் தெரியாது. தோளுக்குப் பெரிதாக இருந்தது கைக்கு அளவாக இருந்தது. கையில் மூன்று விநாடி வைத்திருக்கலாம் என்பது விதி. அந்த மூன்று விநாடியில் என் அணி முழுக்க விடு, விடு என்று என்னைப் பார்த்துக் கத்தியது. நான் அதன் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். நடுவர் ஊதிப் பந்தை எதிர் அணிக்குக் கொடுத்தார். இரண்டு புள்ளி போச்சு, எதுக்குப் பிடிச்ச என்று அத்தான் கேட்டார்.

எதற்குப் பிடித்தேன். அன்று இரவு தூங்காமல் யோசித்தேன். என் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் நான் நின்ற இடத்துக்கு யாரோ எறிந்து, என்மேல் பட்டு, என் பேரில் எழுதப்பட்டவை. குறை சொல்லவில்லை, நல்ல புள்ளிகள்தான். ஆனால் நான் எறிந்தால் எங்கே போகும் என்று மட்டும் இந்த வயது வரை எனக்குத் தெரியாது. சுவரில் போய் மோதலாம். நடுவரின் மூக்கை உடைக்கலாம். அதுகூடப் பரவாயில்லை.

ஆட்டம் முடிஞ்சப்புறமா... காலி கோல்ல, கீப்பர் இல்லாம, எத்தனை தடவை வேணும்னாலும் எறிஞ்சுக்கலாமா... பெரிய மனசு அத்தான் உங்களுக்கு... இல்ல, கிண்டல் பண்ணல... அஞ்சு புள்ளி முன்னாடி இருந்தா, கடைசி நிமிஷத்துல ஒரு தடவை எறியலாமா. பின்னாடி இருந்தா... அப்ப டேப்லயே நிக்கணும். ம்... வேண்டாம்... மருந்துக்கடைக்காரம்மாகிட்டத் தனியாப் பேசணுமா. பேசுங்க, ஸ்பீக்கர்ல போடறேன்... ஏன், இப்ப வேண்டாமா... யாரு... யாரை நிறுத்தப் போறீங்க... அக்காவையா. அவ ஸ்கோர் எழுதறவ அத்தான், அவளுக்கு முட்டி வலி... போனை அவகிட்டக் குடுங்க... குடுங்க, நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கமாட்டேன்.

அக்கா... ம்... ம், கேட்டுது... எங்க நிக்கணுமாம், அந்த மஞ்சள் டேப்லயா... நீ என்ன சொன்ன... சிரிக்காம சொல்லு... என்ன தலகாணி... பால்கனியிலயா. தினமுமா... நாற்காலி மேல நிமிர்த்தி வச்சு... சோபாத் தலகாணி மேலயா எறிஞ்சு பழகறாரு... பஞ்சு பிதுங்கிப் போச்சா... அதுக்கு என் பேரா. என் பேரைச் சொல்லி, கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நில்லும்பாரா... தலகாணியையா... ஐயோ அக்கா.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் போனில் சத்தமில்லாமல், சின்ன வயசில் ஒரே போர்வைக்குள் சிரித்த மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு அக்காவின் சிரிப்பு நின்றது. வாரம் முழுக்க அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்குமே, யார் சமாளிப்பது என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் என் வீட்டுக்குப் போய்விடுவேன்.

தெரியும்க்கா... தெரியும், நீதான் சமாளிக்கணும்... இல்ல, உன்னை வான்னு சொல்லல. உனக்கு நிக்கணும்னு தோணினா நில்லு, நான் மனசுல வச்சுக்கமாட்டேன். நிஜமா... ஆனா ஒண்ணு. இத்தனை வருஷமா அவர் எறியறது எங்கெங்க படுதுன்னு மேசைக்குப் பின்னாடி உக்காந்து எழுதிட்டே இருக்க. இங்க பெஞ்சுல ஒரு ஆளுக்கு இடம் இருக்கு, அதை மட்டும் சொல்லிட்டேன்... ம்... சரி, அவர்கிட்டக் குடு.

அத்தான்... ஒண்ணும் சொல்லல... எங்க போறா... பென்சிலோடயா... தண்ணி பாட்டிலையும் எடுத்துட்டாளா. அப்ப தண்ணி குடிக்கத்தான் போறா... ஆமா... ஆமா, இப்ப இங்க கதவு தெறக்குது... வந்துட்டா. என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா. முட்டி வலியாம், ஷூவைக் கழட்டறா... இல்ல, பேசமாட்டாளாம். தலையாட்டறா.

இப்போது கதவுக்கு வெளியே இரண்டு ஆண் குரல்கள். ஒன்றை ஒன்று வெட்டிப் பேசின. பிறகு சேர்ந்து முணுமுணுத்தன. இத்தனை நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். பல் டாக்டர் புருவத்தை உயர்த்தினாள். இன்னொரு குரல் அவள் அணித் தலைவருடையது.

சொல்லுங்க... கூடிட்டீங்களா. பொதுக்குழுவா... நல்லது... என்ன முடிவு... அந்த வரி அப்படியே இருக்குமா. அப்ப எந்த விதியை... மூணாம் விதியையா. பெண்கள் இருந்தாகணும்கறதையே எடுத்தாச்சா... இப்பவே... கையெழுத்தும் போட்டாச்சு... ரெண்டு பேரும்... ஆமா அத்தான், சட்டப்படி சரிதான். நான் ஒண்ணும் சொல்லலியே. ஒரு வரியை எடுக்க அடுத்த வருஷம் ஆகும்னீங்க, ஒரு விதியை எடுக்க அரை நிமிஷம்தான் ஆச்சு, அதைத்தான் யோசிச்சேன்... ஆடுங்க. ஆம்பளைங்களாவே ஆடுங்க... நாங்க தடுக்கல. நல்லா ஆடுங்க.

...

என்ன... பந்தா.

ஆமா, இங்கதான் இருக்கு... என் மடியில... இன்னொரு பந்து இருக்குமே... காத்து நிக்கலியா. ஓ.

மருந்துக்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பல் டாக்டர் எழுந்தாள். அறையின் அந்தக் கோடிக்குப் போய், அலமாரிகளுக்கு முன்னால் கோல் கீப்பர் மாதிரி காலை அகட்டி நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஒரு மாசமாக ஓரடி தூரத்தில் பார்த்த முகம். இவ்வளவு தள்ளி நின்று அவளை நான் பார்த்ததே இல்லை. நான் நினைத்ததைவிட உயரமாக இருந்தாள். அக்கா தன் தண்ணி பாட்டிலை நகர்த்தி ஓரமாக வைத்தாள்.

கேக்குது அத்தான்... கதவைக் கொஞ்சமாத் தெறந்து, உருட்டி விட்டா போதுமா... உங்க பக்கம் பத்துப் பேர் காத்துட்டு நிக்கறாங்க, ஆமா... ஆமா, என்னோட பந்து இல்லதான்... மூணு விநாடிக்கு மேல கையில வச்சிருக்கக் கூடாதா... விதிதான். எனக்குத் தெரியும்...

இல்ல அத்தான். தரமாட்டேன்.

கோபம் எல்லாம் இல்ல... வச்சிடறேன். எனக்கு ரெண்டு கையும் வேணும்.