அம்சவேணி கேட்ட தலையணை உறை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... சத்தியவேடு பக்கத்தைத் தமிழ்நாட்டிலிருந்து பிரித்து ஆந்திராவில் சேர்த்த வருஷம். இரவு பன்னிரண்டு இருக்கும். இடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதை. நாய்கூட இல்லை. நாராயணசாமி தனியாக நடக்கிறார். நம் முனிகிருஷ்ணனுக்குப் பெரியப்பா, கிராம முன்சீப். அந்த நேரத்திலும் தலைப்பாகை. யார் பார்க்க என்று கேட்காதீர்கள்... பார்த்தவர்கள் இருந்திருக்கலாம். மடியில் ஒரு தலையணை உறை.

அவர் மனைவி அம்சவேணி கல்யாணத்துக்கு முன் கையால் தைத்த ஜோடியில் ஒன்று அது. ஒவ்வொன்றிலும் பச்சை நூலில் ஒரு கிளி. அந்தப் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் உறையைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். பின்பக்கம் முடிச்சு தெரியாவிட்டால் பெண் சுத்தக்காரி. அம்சவேணி தைத்ததில் முன் எது, பின் எது என்றே தெரியாது. சாகும்போது ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தக் கிளி ஒறைங்கள எந்தலைக்கு வெச்சி அனுப்பிடுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

வைத்துவிட்டதாக ஊருக்குச் சொன்னார். உறைகள் பெட்டியில் இருந்தன.

அடுத்த மாசம் புது ராஜ்யத்து அதிகாரி வந்தார். முன்சீப் வேலை கையைவிட்டுப் போகக் கூடாதே! முந்தின வாரம் வரை தமிழ்நாட்டை விட்டுப் பிரிய மாட்டோம் என்று மேடையில் அழுதவர், ஊர் எல்லையிலேயே தெலுங்கில் வரவேற்றார். தன் வீட்டில் அவர் படுக்கப் போட்ட கட்டிலில் இரண்டு தலையணைக்கும் அந்த உறைகளைப் போட்டு, எங்கள் வீட்டுக் கைவேலை என்று திருப்பித் திருப்பிக் காட்டினார்.

விடிந்ததும் ஊரே மாலையோடு நின்றது. அதிகாரி சாதாரணமாகத்தான் சொன்னார்... ராத்திரி ஓர் அம்மா வந்து, தலையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார்களாம். தூக்கினாராம். உறையை உருவிக்கொண்டு போய்விட்டார்களாம். ஈரமண் வாசனை அடித்ததே, வீட்டில் ஏதாவது மண்வேலை நடக்கிறதா?

கட்டிலில் ஒரு தலையணை மொட்டையாகக் கிடந்தது.

அம்சவேணியின் தம்பி ஏகாம்பரம் மாலையைக் கீழே வைத்தான்.

"வெச்சிட்டேன்னு சொன்னியே, மாமா."

அன்றிரவுதான் அந்த நடை. அவள் தலைமாட்டில் கையாலேயே தோண்டி, மிச்ச உறையைப் புதைத்தார். எழுந்தபோது பின்னால்... சர்ர்... சர்ர்... துணியில் நூல் இழுக்கும் சத்தம். திரும்பாமல் வந்துவிட்டார்.

முன்சீப் வேலை நிலைத்தது. ஆனால் அன்றிலிருந்து, தூக்கத்தில் யாரோ கேட்டதுபோல் தலையைத் தூக்குவார். விடியும்வரை கீழே விடமாட்டார்.

செத்த அன்று பாடையில் கிடத்தினார்கள். தலை மட்டும் ஒரு சாண் மேலே நின்றது. அழுத்தினார்கள். இறங்கவில்லை. அடியில் ஏதாவது வையுங்கள் என்றார் ஒருவர். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். எந்த வீட்டிலிருந்தும் ஒரு தலையணை வரவில்லை.

குழியிலும் அப்படித்தான்... உடம்பெல்லாம் மண்ணில் மறைந்த பிறகும், முகம் மட்டும் மேலே தெரிந்துகொண்டே இருந்தது.