நீட்டாத கால்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கம் ஆகியவை தனித்தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். விசாரணை அதிகாரி கேட்க நான் சொல்லும் விவரம் வருமாறு.

இறந்தவர் என் தங்கையின் கணவர். பல்செட் செய்யும் தொழிலில் இருந்தார். நான் அவரை மாப்பிள்ளை என்றும், அவர் என்னை மச்சான் என்றும் கூப்பிடுவோம். என்னுடையது ஸ்போர்ட்ஸ் பைக். என் தங்கை பின்னால் வசதியாக உட்கார வேண்டும் என்று அவர் அட்வெஞ்சர் பைக் வாங்கினார். அது உயரம் என்பதால் அதற்கு ஏணி என்று நான் பெயர் வைத்திருந்தேன். இரண்டில் எது சாலையில் நன்றாக ஓடும் என்பதைத் தவிர வேறு எதற்கும் நாங்கள் வாக்குவாதம் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் சேர்ந்து கிளம்பினோம். பாதி வழியில் பெட்ரோல் பங்க்கில் அவர்தான், "மச்சான், பேசிட்டே இருந்தா எப்படி? மாத்தி ஓட்டிப் பாத்துடலாம்" என்றார். அதன் பிறகு சாவிகளை மாற்றிக்கொண்டோம். என் பைக்கின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து, "இது வண்டி இல்ல மச்சான், குனிஞ்சு கும்பிடு போடுற வேலை" என்று சிரித்தார். அவர் கையுறை தடிமனாக இருந்ததால் என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நான் முன்னாலும் அவர் பின்னாலும் போனோம். என் பைக்கில் உடம்பை லேசாகச் சாய்த்தாலே வண்டி வளைவில் இறங்கிவிடும். ஏணியில் அகலமான ஹேண்டில்பாரைத் தள்ளித்தான் திருப்ப வேண்டும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கி, நிதானமாக எழும்பும். நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததால் எனக்கு வேகமே தெரியவில்லை. மீட்டரைப் பார்த்தேன், அறுபதுக்குள் இருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் மோசமான இடத்தில் ஏறியதும் அந்தப் பக்கத்துக் காலை நீட்டிக் காட்ட வேண்டும். பின்னால் வருபவர் இடைவெளி விட்டு வருவதால் வேகத்தைக் குறைக்க நேரம் கிடைக்கும். கால் நீளவில்லை என்றால் சாலை நன்றாக இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் நான்தான் முன்னால் போவேன். என் பைக்கில் ஒரு சிறு கல்லும் உள்ளங்கைக்கு வந்து சேரும் என்பதால், சாலையைக் கண்ணைவிடக் கையால் பார்த்தே பழகிவிட்டேன்.

கல்குவாரியைத் தாண்டி வரும் வலது வளைவில், குழாய் பதிக்கத் தோண்டி மூடி, பிறகு மண் இறங்கிப் பள்ளமான இடத்தின் மேல் ஏறினேன். கண்ணுக்குக் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. நிழல் என்று நினைத்தேன். வண்டி லேசாக அமுங்கி எழுந்தது. கைக்கு எதுவும் வரவில்லை. நான் காலை நீட்டவில்லை. அதன் பிறகு கண்ணாடியில் பார்த்தபோது அவர் ஓட்டி வந்த வண்டியின் விளக்கு தெரியவில்லை.

திரும்பிப் போனேன். என் பைக் வேலியில் கிடந்தது. அவர் அதற்கு அப்பால் கிடந்தார். கையுறை கிழியாமல் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, இப்போதும் வரவில்லை.

பின்னால் வந்த வேன் டிரைவர், "ரெண்டு பேரும் ரேஸ் விட்டாங்க" என்று சொல்லியிருப்பதாக அதிகாரி படித்துக் காட்டினார். அது சரியல்ல. என் பைக்கின் சத்தம் அப்படித்தான் இருக்கும். பிணவறை வாசலில் என் தங்கை, "அண்ணா, அவர் வேகமா போய் விழுந்தார்னு மட்டும் எழுத விட்டுடாத. என் பொண்ணு நாளைக்கு அதைப் படிப்பா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் கால் நீட்டாததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவளும் தெரிந்துகொள்வாள். அதிகாரி, "யோசிச்சுச் சொல்லுங்க, இது உங்க தலையில விழும்" என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன். மாப்பிள்ளை நான் போன வேகத்தில்தான் வந்தார். என் காலை நம்பி வந்தார்.

இன்று காலை இங்கே வருவதற்கு முன் ஏணியை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போனேன். சாவியில் அவர் செய்த கடைவாய்ப் பல் ஒன்று தொங்குகிறது. பள்ளம் இருக்கும் இடம் தெரிந்தே, அதே வேகத்தில் அதன் மேல் ஏறினேன். அதன் பிறகு வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்து, பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வரை இறங்கியது. வண்டியில் போனபோது இன்றும் என் கைக்கு எதுவும் தெரியவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்)