பந்து அவரிடம் இருந்தது

நாற்காலிகளை வட்டமாகப் போடுவது என் வழக்கம். வரிசையாகப் போட்டால் கெட்டிக்காரர்கள் முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள், மற்றவர்கள் பின்னால் போய் மொபைலை நோண்டுவார்கள். மேனேஜர் சார், இந்த சென்டருக்கு நீங்கள் வருவதற்கு முன்பிருந்தே நான் இப்படித்தான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே வகுப்பில் சரளமாகப் பேசுகிறவரும் இருப்பார், தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாதவரும் இருப்பார். தேர்வு என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான்.

அதற்காக வைத்திருப்பதுதான் அந்த ரப்பர் பந்து. தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று ஜோடி ஜோடியாக உட்கார வைப்பேன். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். தெரியாதவர் எவ்வளவு திணறினாலும் தெரிந்தவர் குறுக்கே பேசக் கூடாது. பந்தை அவராக நீட்டும்வரை சிரித்த முகத்தோடு காத்திருக்க வேண்டும். நன்றாகப் பேச வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது, ஆனாலும் பழகிவிடுவார்கள்.

என் வகுப்பில் இருந்த அந்த நர்ஸ், வந்த புதிதில் பந்தை வாங்காமல் பக்கத்து ஆளிடமே தள்ளிவிடுவாள். புருஷனும் நாலு வயதுப் பெண்ணும் முன்னாலேயே வெளிநாடு போய்விட்டார்கள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இவளுக்கு வேலை எடுத்து வைத்திருந்தார்கள், இந்தத் தேர்வில் தேறினால் போய்ச் சேரலாம். டியூட்டி முடிந்து வீங்கிய கண்ணோடு வகுப்புக்கு அரைமணி முன்னதாகவே வந்துவிடுவாள். நான் டீ போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வைப்பேன். எந்தச் சொல்லில் இடறுவாள் என்று அவளுக்கு முன்னால் எனக்குத் தெரியும். அக்கா, அக்கா என்று பின்னாலேயே சுற்றுவாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை இதில் சேர்க்காதீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிறகு நீங்கள் விளம்பரத்துக்கு வீடியோ எடுத்தீர்கள். நான் அப்போது பக்கத்து அறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன், கதவு திறந்துதான் இருந்தது. "இவ்வளவு நல்லா பேசறீங்களே, எப்படிக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டீர்கள். அவள் சிரித்தாள். "நானாவே கத்துக்கிட்டேன் சார். படம் பாப்பேன், பாட்டு கேப்பேன், அவ்வளவுதான்."

வாய் தவறி வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் வெளிச்சம் சரியில்லை என்று நீங்கள் மறுபடியும் சொல்லச் சொன்னீர்கள். மறுபடியும் அதையே சொன்னாள், இந்தத் தடவை இன்னும் தெளிவாக, நான் திருத்திக் கொடுத்த உச்சரிப்போடு. பெற்ற பிள்ளை கூட்டத்தில் வைத்து நீ யார் என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, டீ இருக்கா?" என்றாள். சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தேன், அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

பேச்சுத் தேர்வுக்கு ஜோடி சேர்ப்பது என் பொறுப்பு. அவளோடு அதே வகுப்பில் படித்த லாரி டிரைவரைப் போட்டேன். நல்ல மனிதர். முதுகுவலியால் இனி லாரி ஓட்ட முடியாது, தேறினால் டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கும் என்றிருந்தார். நான் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எனக்குத் தலைவலி என்று நர்ஸை முன்னதாக வர வேண்டாம் என்றுவிட்டு, அந்த அரைமணியை அவருக்குக் கொடுத்தேன்.

"தேர்வுல பந்து கிடையாதுண்ணே. நிறுத்தினா மார்க் போச்சு. கடைசி வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க."

"அந்தப் பொண்ணு என்னைவிட நல்லா பேசுமே, டீச்சரம்மா?"

"பயத்துல அதுக்கு வாயடைச்சுப் போகும். நீங்கதான் தாங்கிப் பிடிக்கணும்."

"என் தங்கச்சி மாதிரி. நான் பாத்துக்கறேன்," என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

லாரி, சாலை, டயர் என்று நீளமாக எழுதிக் கொடுத்தேன். பாவம், ராப்பகலாக உருப்போட்டார். உருப்போட்டதைத் தேர்வாளர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

தேர்வன்று காலை வாசலில் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நம்ம வகுப்பு விதிதான். அவர் முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காத. குறுக்க பேசினா உனக்குத்தான் குறைப்பாங்க," என்றேன். "சரிக்கா," என்றாள்.

உள்ளே நூலகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். டிரைவர் டயரைப் பற்றிப் பேசினார். மூச்சு விடாமல் பேசினார். அவள் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். ஜோடியாகப் பேசும்போது தேர்வாளர் இடையில் வரக் கூடாது, அது அவர்கள் சட்டம். மணி அடித்துவிட்டது. பேசாதவளுக்கும் உருப்போட்டவருக்கும் ஒரே மதிப்பெண், இரண்டு பேருமே தேறவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். போனில் குழந்தை எப்போது வருவாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். "எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதானேக்கா செஞ்சேன்," என்றாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்க நான் எவ்வளவு நாள் ஏங்கியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

டிரைவர் வீட்டில்கூட யாரிடமும் பேசுவதில்லை என்று அவர் மனைவி சொன்னாள். உங்களிடம் மட்டும் வந்து, "டீச்சரம்மா சொன்னபடிதானே பேசினேன், அப்புறம் ஏன் அந்தப் பொண்ணுக்குப் போச்சு?" என்று கேட்டிருக்கிறார். தன் வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்கள். அவர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் வேறு யாரைப் போட்டிருந்தாலும் இவ்வளவு விசுவாசமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். நீங்கள் என்ன எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள் சார். அந்த வீடியோவை மறுபடியும் எடுங்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று இப்போது கேட்டால், அவள் சரியாகச் சொல்வாள்.