சிறுத்தைப் பாறையின் வாசல் காத்த பசானி அம்மையாருக்கு

மபிந்தி ஆற்றுத் தனியார் வனவிலங்குக் காப்பகத்தின் தலைமை வழிகாட்டியாய் விளங்கி, இன்று ஓய்வு பெறுவதாகச் சொல்லப்படும் எங்கள் பசானி மபாசா அம்மையாருக்கு, அவரோடு ஒரே சட்டியில் சோளக்களி தின்ற வழிகாட்டிகளும், தடம் பார்ப்போரும், சமையற்கட்டாரும், சலவைக்காரரும், பட்டறைக்காரரும் நெஞ்சம் நிமிர்ந்து வாசித்தளிக்கும் வாழ்த்து.

வனத்தை வாசித்தவரே! வாகனத்தை வசப்படுத்தியவரே! வந்தோரை வாஞ்சையோடு வரவேற்று, வரம்பு மீறியோரை வாயடைக்க வைத்த வீரத்தாயே! வணக்கம்!

"ஓய்வு பெறுவதாகச் சொல்லப்படும்" என்று எழுதியது கைப்பிழை என்று யாரும் எண்ண வேண்டாம். இம்மடலை அரைப் பக்கத்துக்குள் முடிக்கும்படியும், பசானி அம்மையாரே விரும்பி ஓய்வு கேட்டதாகக் குறிக்கும்படியும், சிறுத்தைப் பாறை விவகாரத்தைத் தொடவே கூடாதென்றும் அலுவலகத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். எழுதும் பொறுப்போ சமையற்கட்டுத் தலைவியான இந்தத் தின்யிகோவின் தலையில் விழுந்தது. வாய் நீளம் என்று ஊரெல்லாம் பெயரெடுத்தவளிடம் போய் இதைச் சொன்னது அவர்கள் செய்த பிழை. அவர்கள் கேட்ட அரைப் பக்கம் இத்துடன் முடிந்தது. இனி வருவது நாங்கள் சொல்ல விரும்புவது.

அஞ்சாமையின் அணிகலனே! தாங்கள் இங்கே முதன்முதலில் வண்டியேறிய காலத்தில், "டிரைவர் எங்கம்மா?" என்று விருந்தினர்கள் தங்களிடமே கேட்பார்களாம். தாங்கள் துப்பாக்கியை அதன் தாங்கியில் வைத்து, எஞ்சினைக் கிளப்பி, ஆற்றுமணலில் வண்டியை இறக்கிய பிறகுதான் அவர்களுக்கு விடை கிடைக்குமாம். காலைச் சிற்றுண்டிக்கு முன்பே சிங்கத்தையும் யானையையும் காண்டாமிருகத்தையும் காட்டியாக வேண்டுமென்று அடம்பிடித்தவர்களை, சாணி உருட்டும் வண்டு ஒன்றின் முன்னால் வெயிலேறும்வரை உட்கார வைத்த தங்கள் அழுத்தமே அழுத்தம்! "இவ்வளவு தூரம் வந்திருக்கோம், சிங்கம் எங்க?" என்று எரிந்து விழுந்த சீமாட்டிக்கு, "நீங்க வர்றதை அதுகிட்ட யாரும் சொல்லலம்மா" என்று தாங்கள் சொன்ன பதிலை எங்கள் சமையற்கட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

நீதியின் நிலைக்கண்ணாடியே! ஒரு விலங்கைக் கண்டால் மூன்று வண்டிகளுக்கு மேல் அதை நெருங்கக் கூடாது. நான்காவது வண்டி தொலைவில் நின்று, வயர்லெஸில் முறை கேட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் தம்மைத் தவிர மற்ற எல்லோருக்கும் பொருந்தும் என்று நம் இயக்குநர் திரு. க்ரோப்லர் அவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை உடைந்த நாளில் வயர்லெஸில் நாங்கள் அனைவரும் கேட்ட பேச்சை, அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இவ்வேளையில் திரும்பச் சொல்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.

"பசானி, ஒரு வண்டியை வெளிய அனுப்பு. நான் வர்றேன்."

"மூணு வண்டி நிக்குது சார். நீங்க நாலாவது."

"நான் யாருன்னு தெரியுதுல்ல?"

"தெரியுதே சார். நாலாவது வண்டி."

இனி, தொடக் கூடாதென்று சொல்லப்பட்டதைத் தொடுகிறோம். வடக்கு எல்லையில் இருக்கிறது சிறுத்தைப் பாறை. காதறுந்த பெண்சிறுத்தை குட்டி போடும் இடம் அது. முன்னொரு முறை வண்டிகள் போய் மொய்த்ததில் மிரண்டுபோன தாய், பட்டப்பகலில் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறியது. போகும் வழியிலேயே கழுதைப்புலிகள் குட்டிகளைத் தின்றுவிட்டன. அன்று தாங்கள் வண்டியை நிறுத்தி, விருந்தினர்கள் பார்க்கப் பார்க்க அழுதீர்கள். அன்று முதல் அந்தப் பாறைக்கு ஒரு வண்டியும் போகத் தாங்கள் விட்டதில்லை.

விருந்தினர்கள் வீணாக ஆசைப்பட்டு ஏமாறக் கூடாதென்பதற்காக, வயர்லெஸில் விலங்குகளின் பெயர்களை நம் சோங்கா மொழியில் மட்டுமே சொல்வது இங்கு வழக்கம். பாறையில் மறுபடி குட்டிகள் பிறந்த செய்தியைச் சென்ற குளிர்காலம் முழுக்க நாம் வாய் ஓயாமல் பேசினோம். வந்து இத்தனை ஆண்டாகியும் நம் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளாத இயக்குநர் அவர்கள், வயர்லெஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிம்மதியாகத் தேநீர் அருந்தினார். கெடுத்தவர் நம் வழிகாட்டி ஹிதேகானி அண்ணன். எதிர்மேட்டிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தவர், குட்டிகள் முதன்முதலாக வெளியே வந்து தாயின் வாலைக் கடித்ததைக் கண்ட பூரிப்பில், வயர்லெஸில் ஆங்கிலத்திலேயே கூவித் தொலைத்தார். மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்திருக்கிறார். நிமிரலாம் அண்ணா, மீதியையும் கேளுங்கள்.

படம் பிடிக்கும் கருவிகளோடு பங்குதாரர்களை ஏற்றிக்கொண்டு இயக்குநரின் வண்டி பறந்து வந்தது. பாறைக்குள் நுழைய இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரே ஒரு இடைவெளிதான் உண்டு. அதன் குறுக்கே தங்கள் வண்டி நின்றிருந்தது. தாங்கள் அதன் முன்பக்கத்தில் துணி விரித்துக் காபி ஊற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"வண்டியை எடு பசானி."

"கிளம்ப மாட்டேங்குது சார்."

"சாவியைக் குடு, நான் பாக்குறேன்."

"சாவி இல்லாமத்தான் கிளம்ப மாட்டேங்குது. என் சட்டைப் பையில இருக்கு. ரஸ்க் சாப்பிடுறீங்களா? காபில நனைச்சா நல்லாருக்கும்."

அதற்குள் ஹிதேகானி அண்ணனும் அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "அக்கா, எல்லாம் என் வாயால வந்தது" என்று விம்மியவரிடம் தாங்கள், "வாயை விட்டது விட்டாச்சு. வண்டியைக் கொண்டாந்து எனக்குப் பின்னாடி நிறுத்து. அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றீர்கள். நிறுத்தினார். பொழுது சாயும்வரை அங்கே ஒரு சக்கரமும் உருளவில்லை. பங்குதாரர்கள் ரஸ்க்கைத் தின்று தீர்த்தார்கள். சிறுத்தை தன் குட்டிகளோடு பாறைக்குள் படுத்திருந்தது.

அடுத்த வாரமே தங்கள் வயதைப் பற்றிய கடிதம் வந்துவிட்டது. தங்களுக்குப் பார்வை மங்கிவிட்டதாம்! நேற்று மாலைகூட நாங்கள் எல்லோரும் கரையான் புற்றென்று சொன்னதைத் தாங்கள் சிங்கம் என்றீர்கள். புற்று எழுந்து, சோம்பல் முறித்து, நடந்து போயிற்று. கண் யாருக்கு மங்கியிருக்கிறதென்று முன்வரிசை தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் எல்லோரின் அம்மாவே! நாளை காலை சிறுத்தைப் பாறைக்குப் பாதை வெட்டப் போகிறார்கள். தாங்கள் வெளிவாயிலைத் தாண்டும் நாளுக்காகவே காத்திருந்திருக்கிறார்கள். தாங்கள் நேற்று என் சமையற்கட்டு வாசலில் நின்று, "நான் போனப்புறம் அந்தக் குட்டிங்களை யாருடி பாத்துப்பா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்திருப்பீர்கள். ஊரறியச் சொல்ல வேண்டிய பதிலை ஒருவர் காதில் ஓதுவானேன் என்றுதான் இருந்தேன்.

பதில் இதுதான். அந்தப் பாறைக்கு எங்களில் ஒரு வழிகாட்டியும் வண்டியோட்ட மாட்டார். தடம் பார்ப்போர் எவரும் அந்தத் திசையில் ஒரு தடமும் பார்க்க மாட்டார். அங்கே போகும் வண்டிக்கு என் சமையற்கட்டிலிருந்து ஒரு குவளை காபி போகாது. இதற்காக எங்களையும் அனுப்புவதென்றால், இங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வயதாகிவிட்டதென்று கடிதம் அடிக்க வேண்டியிருக்கும். அடிக்கட்டும். வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது என்ற பயம் எங்களுக்கும் இருக்கிறது. பயத்தோடேதான் இதை எழுதுகிறோம்.

தங்கள் முழங்கால் வலி குறையட்டும். தங்கள் வீட்டு ஆடுகள் பெருகட்டும். தலை நரைத்தாலும் குரல் நரைக்காமல், பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டு நீடூழி வாழ்க! இந்த மடலைச் சட்டமிட்டுத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். நாங்கள் சொன்ன சொல் அங்கே தொங்கட்டும்.

இம்மடலின் கீழே காப்பகத்துப் பணியாளர் அனைவரும் கையொப்பமிட்டிருக்கிறோம். எழுத வராதவர்கள் கட்டைவிரலை வைத்திருக்கிறார்கள். நான் எழுதி முடித்த மை காயும் முன்பே, மற்றவர்களை விலக்கிக்கொண்டு வந்து முதலில் கையெழுத்துப் போட்டவர் பட்டறையைச் சேர்ந்த மாங்கேனா. நாளை காலை பாறைக்குப் புல்டோசர் ஓட்டும்படி உத்தரவு வாங்கியிருப்பவர் அவர்தான்.

இங்ஙனம்,
மாங்கேனா, ஹிதேகானி, தின்யிகோ
மற்றும் மபிந்தி காப்பகத்தின் பணியாளர் அனைவரும்